அமைதி அக்காவின் வாசகர் வட்டம்

எனக்குக் கதை படிக்கிற பழக்கமே கிடையாது, மேடம். வார இதழ் கையில் கிடைத்தால் சமையல் குறிப்பைக் கிழித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை அலமாரித் தட்டில் விரித்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரு வாசகர் வட்டத்தையே கட்டி நடத்தினேன் என்பதை என் வீட்டுக்காரர் இன்னும் நம்பவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள், "அவளுக்கு ஒரு மெசேஜ் ஒழுங்கா அடிக்கத் தெரியாதுங்க" என்பார். நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் வேலையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன். மெஷின் சுற்றவில்லை, துணி கிழிந்துபோச்சு, மெக்கானிக் வரவில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. எதையும் மறுக்கக் கூடாது. எதற்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. "உங்க மனநிலை எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு, அவர்களே ஒரு முடிவுக்கு வரும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர்களாக எடுத்த முடிவுக்குக் கம்பெனி பொறுப்பாகாது. இதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் பிரிவில் ஆள் இல்லை.

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயதுப் பாப்பா. புருஷனோடு ஒத்துவராமல் எங்களிடமே வந்துவிட்டாள். முன்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். அந்த அறையில் உட்கார்ந்துதான் போனிலேயே தொடர்கதை எழுத ஆரம்பித்தாள். இணையத்தில் கதை போடுகிற ஒரு தளம், அதில் "தூறல்மகள்" என்று பெயர். தினம் ஒரு அத்தியாயம். போட்ட கையோடு வாசகர்களின் கமெண்ட் வர ஆரம்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து ஹார்ட் போடுவாள், பதில் எழுதுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்குக் காதில் விழாது. சரி, அவளுக்கும் ஒரு பிடிப்பு வேண்டுமே என்று அடுப்பை நானே துடைத்துவிடுவேன்.

கதையில் ஒரு அண்ணி வந்தாள். ஃப்ரிட்ஜில் இருக்கும் டப்பாக்களில் தேதி எழுதி ஒட்டுகிறவள். நானும் ஒட்டுவேன், கெட்டுப்போனதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்று. கதையில் அது கஞ்சத்தனமாகிவிட்டது. வாசகர்கள் அவளுக்கு "ஃப்ரிட்ஜ் அண்ணி" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு நின்றிருந்தால் இன்றைக்கு உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது பாப்பாதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "பையனா பொண்ணான்னு கேட்டு எனக்கு மட்டும் சொல்லு பாப்பா." கேட்டுச் சொல்கிறேன் என்றாள், சொல்லவில்லை. என் புருஷனிடம்கூட நான் அதைப் பேசியதில்லை. மறுவருஷம் ஃப்ரிட்ஜ் அண்ணிக்குக் கரு கலைந்தது. நான் கேட்ட அதே வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல், அவள் வாயில் போட்டிருந்தாள். கீழே கமெண்ட்டுகள். "இவளுக்கு நல்லா வேணும்." "டப்பால தேதி ஒட்டினவளுக்குக் கடவுள் தேதி குறிச்சிட்டார்." எல்லாவற்றுக்கும் பாப்பா ஹார்ட் போட்டிருந்தாள்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"ஆஸ்பத்திரில நான் கேட்டது கதையில வந்திருக்கே பாப்பா?"

"ஐயோ அண்ணி, அது நீங்க இல்ல. அது கேரக்டர்."

"சரி. அந்தக் கமெண்ட்டுக்கு எதுக்கு ஹார்ட் போட்ட?"

"எல்லாத்துக்கும் போடுறதுதான் அண்ணி. வாசகர்களை நோகடிக்கக் கூடாது. அவங்க இல்லாம நான் இல்ல."

தலையணை உறையை மடித்து என்னிடம் நீட்டினாள். வாங்கி அலமாரியில் வைத்தேன். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. ஆனால் வழி தெரிந்துவிட்டது. அண்ணன் சொன்னால் கேட்க மாட்டாள், நான் சொன்னால் கேட்க மாட்டாள், வாசகர் சொன்னால் கேட்பாள். அப்படியானால் நான் வாசகியாக வேண்டும்.

"அமைதி அக்கா" என்று ஒரு கணக்கு தொடங்கினேன். சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து அத்தியாயத்தை வரிவரியாகப் படித்து, நீளமாகக் கமெண்ட் எழுதினேன். யார் எழுத்தையும் யாரும் அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்கள். வெறுப்போடு படித்தால் கவனம் தானாக வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பாப்பா போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வருவாள்.

"அண்ணி, இந்த அமைதி அக்கா எழுதியிருக்கிறதைப் பாருங்களேன். என் மனசுக்குள்ள உட்கார்ந்து பார்த்த மாதிரி எழுதுறாங்க."

"நல்லவங்களா இருப்பாங்க போல" என்பேன்.

வாசகர் வட்டம் ஒன்று ஆரம்பிக்கலாம் என்று சொன்னது அமைதி அக்காதான். பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள். அந்த வட்டத்தைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அது நல்ல வட்டம். பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கு ஆளாளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். புருஷனை இழந்த ஒருத்திக்கு முறைவைத்துப் போன் பேசினார்கள். ஃப்ரிட்ஜ் அண்ணிக்குத் தேதி குறித்தவளும் அதில் இருந்தாள், அவள் மகள் பிறந்தநாளுக்கு நானே வாழ்த்து எழுதினேன். வட்டத்துக்கு நான் வைத்த சட்டம் ஒன்றுதான். இங்கே குறை சொல்லக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. ஆதரவு மட்டும். எல்லோருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த நேரத்தில்தான் பாப்பாவுக்கு முதல் வலிப்பு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நாற்காலியோடு சாய்ந்தாள். நான்தான் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், நான்தான் வண்டி பிடித்தேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து என்று எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். தினமும் காலையில் தண்ணீரும் மாத்திரையும் எடுத்து மேஜையில் வைத்தது நான்தான். வேண்டுமானால் வெளியே இருப்பவரைக் கேளுங்கள், ஒரு நாள் தவறியதில்லை.

மாத்திரை அவளை மந்தமாக்கியது. வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிடுகிறது என்று அழுதாள். அத்தியாயங்கள் சவசவவென்று ஆயின. வட்டத்தில் எல்லாவற்றையும் கொட்டுகிறவள், இதையும் கொட்டினாள். யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை, சட்டம் அப்படி. அமைதி அக்கா மட்டும் ஒரு சின்ன வழக்கத்தைத் தொடங்கினாள். தினம் காலையில் தூறல்மகளின் பழைய கதையிலிருந்து, மாத்திரைக்கு முந்தைய கதையிலிருந்து, நல்ல வரி ஒன்றை எடுத்துப் போடுவது. அவ்வளவுதான். "என்ன ஒரு வரி" என்று எல்லோரும் உருகினார்கள். பாப்பா காலையில் மாத்திரையை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அதைத்தான் முதலில் படிப்பாள். எதிரில் நின்று பார்த்திருக்கிறேன்.

வட்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் இருந்தார். உங்களிடம் புகார் கொடுத்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். அவர் எழுதினார்: "தங்கச்சி, மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திக்கலாம்." நல்ல மனுஷி. ஆனால் அது அறிவுரை. சட்டப்படி அவரை வட்டத்திலிருந்து நீக்கினேன். "உங்க அக்கறை புரியுது, ஆனா இங்க யாரும் யாருக்கும் பாரமாகக் கூடாது" என்று தனியாக எழுதி அனுப்பினேன். வட்டத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் பாப்பா அமைதி அக்காவுக்குத் தனியாக எழுதினாள். அக்கா, மாத்திரையை நிறுத்திடட்டுமா, பழையபடி எழுதணும் போல இருக்கு, நீங்க சொன்னா தைரியமா இருக்கும் என்று. அவள் முன்னறையில் இருந்தாள், நான் சமையலறையில் இருந்தேன். நிறுத்து என்று நான் சொல்லவில்லை. என் போனில் பார்த்திருப்பீர்கள். "உன் உடம்பு உனக்குத்தான் தெரியும். நீ என்ன முடிவு எடுத்தாலும் நாங்க உன்கூட இருக்கோம்" என்றுதான் எழுதினேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், அதில் தப்பான வார்த்தை ஒன்று இருக்காது.

அடுத்த நாள் மேஜையில் மாத்திரை வைத்தேன். சற்று நேரம் கழித்து, "போட்டியா பாப்பா?" என்றேன்.

"போட்டுட்டேன் அண்ணி."

வாஷ்பேசின் குழாய் திறந்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டிருந்தது. "சமத்து" என்றேன். அதன்பிறகு தினமும் நான் கேட்டேன், தினமும் அவள் சொன்னாள். அட்டை தீர்ந்தபோது புது அட்டை வாங்கி வந்தேன். எழுத்து பழையபடி வந்துவிட்டது. பழையதைவிட நன்றாகவே வந்தது. வட்டமே கொண்டாடியது. என் பிள்ளையின் சாவுக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, அன்பாக, அவளை அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வழியை மட்டும்தான் காட்டினேன். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அமைதி அக்கா வட்டத்தில் இரங்கல் எழுதியதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அது என் அவசரபுத்தி. எந்தச் செய்தியும் வட்டத்துக்கு என் மூலமாகத்தான் முதலில் போகும். கை பழகிப்போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். இல்லை. கூடத்தில்தான் இருந்தேன். வீட்டுக்காரர் வண்டியின் டயரைப் பார்க்க வெளியே போயிருந்தார். பாப்பா அத்தியாயத்தைப் போட்டுவிட்டு, "அண்ணி, குளிச்சிட்டு வந்துடுறேன்" என்று உள்ளே போனாள். டாக்டர் சொன்னதற்காகக் குளியலறைத் தாழ்ப்பாளை வீட்டுக்காரர் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்தார். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. விரலால் தள்ளினால் திறக்கும்.

நான் போனை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். ஃப்ரிட்ஜ் அண்ணி வரும் அத்தியாயம். ரொம்ப நாளாக அவளைக் கதையில் காணோம். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து கட்டிலில் சாய்ந்திருக்கிறாள், நாத்தனார் தயங்கித் தயங்கி அறைக்குள் வருகிறாள். அந்த இடத்தில்தான் உள்ளே வாளி உருண்டது. அவள் விழுந்த சத்தம் கேட்டது. கால் கதவில் மோதுகிற சத்தமும் கேட்டது, விட்டு விட்டு. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு தடவை பார்த்தவள். பாதி அத்தியாயம் பாக்கி இருந்தது. படித்தேன்.

நாத்தனார் அண்ணியின் காலடியில் உட்கார்ந்து, உன் துக்கத்தை நான் ஊருக்குத் தின்னக் கொடுத்துவிட்டேன் அண்ணி, என்னை மன்னித்துவிடு என்கிறாள். கலைந்தது பெண் என்று, அண்ணிக்கு மட்டும், காதோடு சொல்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்து நிமிர்ந்தபோது கதவில் சத்தம் நின்றிருந்தது, தண்ணீர் கூடம்வரை வந்திருந்தது. நான் அவளை மனதார மன்னித்துவிட்டேன் மேடம். இதை அவள் அண்ணனிடமும் சொல்லுங்கள். சத்தம் கேட்டதும் பாதியில் எழுந்து ஓடியிருந்தால், அவள் மன்னிப்புக் கேட்டாள் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.