ஜாக்குலின் வீட்டோடு இருக்கிறாள்

கேப்பைக் கூழுக்குக் கெட்டி மோர்தான் சரி, சாமி. தண்ணியாக ஊற்றினால் ருசியே இருக்காது. என் மகள் ஜாக்குலினுக்கு எப்போதும் கெட்டி மோர்தான் ஊற்றுவேன். பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புக் கேட்க வந்துவிட்டுச் சமையல் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். விஷயம் அந்தக் கூழில்தான் ஆரம்பிக்கிறது.

ஜாக்குலினைத் திண்டிவனத்தில் தெரியாதவர் கிடையாது. சென்னையில் படிக்கும்போது துடுப்புப் படகு ஓட்டப் போனாள். இந்த மல்லாட்டைக் கடலை மண்டிக்காரன் பாக்கியராஜின் மகள், ஒலிம்பிக் வரை போய்விட்டாள். பதக்கம் வரவில்லை. கடைசிக்கு முந்தின இடம். ஆனாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரை மேளம் அடித்துக் கூட்டிவந்தார்கள். நானும் அழுதேன், என் வீட்டுக்காரி அமலோற்பவமேரியும் அழுதாள்.

மறு வருஷம் அமலோற்பவம் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த வாரமே ஜாக்குலின் பயிற்சி முகாமுக்குக் கிளம்பிவிட்டாள். அடுத்த ஒலிம்பிக் வரை இப்படித்தான் என்றாள். மண்டியைப் பூட்டிவிட்டுப் போனால் வீட்டில் லைட் போட ஆள் கிடையாது. தனியாகச் சாப்பிடுவது எப்படியென்று உங்களுக்குத் தெரியாதா?

கால் வீக்கத்துக்கு நான் நீர் மாத்திரை சாப்பிடுகிறேன். அதைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"அப்பா, இத என் தட்டுகிட்டகூட வெக்காதீங்க. எட கொறைக்கத் திருட்டுத்தனமா போட்டுக்கினேன்னு என்ன வெளிய தள்ளிடுவாங்க."

சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்.

அம்மாவின் நினைவுப் பூசைக்கு வந்தவள், மறுநாள் காலையில் சென்னையில் நடந்த தேர்வுப் போட்டிக்குக் கிளம்பினாள். அன்றைக்குக் கூழில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். நின்றுகொண்டே குடித்தாள். "உங்க கை கூழு எங்கியும் கெடைக்காதுப்பா" என்றாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

போட்டி முடிந்ததும் சிறுநீர்ச் சோதனை. மாட்டிக்கொண்டாள். படகைத் தொடக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோவில் ஒருத்தி, "மாத்தர போட்டுக்கினு மாட்னதே, அந்தப் பொண்ணுதான இது?" என்று அவள் காதுபடவே கேட்டாளாம். அதிலிருந்து கோயிலைத் தவிர அவள் வெளியே எங்கும் போவதில்லை. துடுப்புப் பிடித்துக் காய்த்த கை உரிந்துகொண்டே வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தோலைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். சோறு இறங்கவில்லை. ஆனாலும் வீட்டில் இருக்கிறாள் அல்லவா?

நாளைக்கு அந்த மாத்திரை வழக்கில் கடைசி விசாரணை. நேற்று என் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியாத்தனமா கலந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. நான் கோவிச்சிக்கவே மாட்டேன்."

"மாதா மேல சத்தியமா இல்லம்மா" என்றேன். சொன்னால் தண்டனை குறைந்துவிடும். மறுபடியும் படகுக்கே போய்விடுவாள்.

இங்கே கேட்டதை நீங்கள் வெளியில் சொல்லக் கூடாது. அந்தத் தைரியத்தில்தான் வந்தேன். அவளிடம் உண்மையைச் சொல் என்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம், சாமி. வேறு என்ன பரிகாரம் கொடுத்தாலும் செய்கிறேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறேன்.

வெளியே வரிசையில் எனக்கு அடுத்து நிற்பது அவள்தான். தான் செய்த ஏதோ பாவத்துக்குத்தான் கடவுள் இப்படித் தண்டித்துவிட்டார் என்று நம்புகிறாள். அதை மறுத்துப் பேசாதீர்கள். பெற்றவனுக்குத் தாங்கவில்லை, சாமி. அவளை மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.