கையை உதறினால் போதும்

எனக்கு வீடியோ கேம் விளையாடத் தெரியாது சார். தையல்காரனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அந்தக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது என் மனைவியின் தம்பி. டிவி முன்னால் நின்று கையை வீசினால் திரையில் மட்டை சுழலுமே, அந்த மாதிரிப் பொருள். அவன் விளையாடிச் சலித்த பழசு.

மச்சான் கெட்டிக்காரன், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதை ஒரு வாட்ச் வாரில் கோத்து அக்காவின் மணிக்கட்டில் கட்டினான். கழுத்துக்குக் கீழே அவளுக்கு அசைவது அந்த ஒரு கைதான். இடப்பக்கம் சாய்த்தால் விளக்கு எரிந்தது, வலப்பக்கம் சாய்த்தால் ஃபேன் சுற்றியது. காற்றில் கோடு இழுத்தால் எதிர்ச்சுவரில் கலர் கலராகப் படம் விழுந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. ஆனால் சிரித்தது தம்பியைப் பார்த்து. எனக்கு வயிறு எரிந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அதுவரை அவளுக்குக் கையும் காலும் நான்தான். "ஏங்க, தண்ணி." "ஏங்க, ஃபேனு." தையல் மெஷின் சத்தத்திலும் அந்தக் குரல் என் காதில் விழும். தைப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தெருவே சொல்லும். கன்ட்ரோலரைக் கட்டிய அன்று அவள், "இனிமே உங்களுக்குத் தொல்லை இல்லீங்க" என்றாள். நான் எப்போது தொல்லை என்றேன்?

கிளம்பும்போது மச்சான் ஒன்றை அழுத்திச் சொன்னான். "மூச்சு முட்டுறப்ப அக்காவுக்குக் குரல் வராது மாமா. கையை உதறினா உங்க மெஷின் பக்கத்துல மணி அடிக்கும். உடனே போய் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிடுங்க." நன்றாகவே கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் "ஏங்க" இல்லை. தண்ணீருக்கும் மணிதான். சாயங்காலமானால் தம்பி போன் பண்ணி, இன்றைக்கு என்ன வரைந்தாய் என்று கேட்பான். அக்கா தம்பி பேச்சு ஓயாது. நான் சட்டைப் பட்டன்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்று மத்தியானம் அவளுக்கு உடம்பு துடைத்துவிடும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரின் பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புழுக்கம் தாங்காமல் கூப்பிடட்டும் என்றுதான். வேறு எண்ணமில்லை.

ஆனால் மூச்சுமுட்டல் முந்திக்கொண்டது. கதவு திறந்துதான் இருந்தது. கையை உதறினாள், மறுபடியும் உதறினாள். நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன், கூப்பிட்டால் கேட்க வேண்டுமே. அவளும் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே அந்தச் சனியனைத்தான் உதறினாள். நான் எழுந்திருக்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு பேட்டரிகளைத் திரும்பப் போட்டேன். தலைகீழாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. மச்சான் கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரன் என்று சொன்னேனே.

ஆமாம் சார், நான்தான் அவளைச் சாகவிட்டேன். ஆனால் கை ஓய்ந்த பிறகு கடைசியாக அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. "ஏங்க" என்றுதான் சொன்னாள், எனக்குத் தெரியும். கூப்பிட்டது தம்பியை இல்லை, என்னை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.