செப்புக் கம்பி நெய்த துணி

இஷா தொழுது ஊர் அடங்கிய நேரம். மருதமுனைக் கடற்கரை வீதி... ஒரு நாய்கூட இல்லை. அலை எடுத்த வீடுகளின் அத்திவாரங்கள்தான் வரிசையாகக் கிடந்தன. அந்த வீதியில் மிஞ்சிய ஒரே வீடு ஸஹீத்துடையது. இங்கே குந்தியிருக்கிற நம்முடைய ஜவுபருக்கு அவன் மச்சான் முறை. சிரிக்கிறவன் இப்போதே எழும்பிப் போகலாம், பிறகு நடுவில் எழும்பக் கூடாது!

ஸஹீத் ரேடியோ திருத்துகிறவன். பெண்சாதி நஸீறா தறி நெய்கிறவள். சுனாமி அன்று நாலு வயது மகள் பஸ்மிலா, நஸீறாவின் கையிலிருந்து வழுகிப் போனாள். அடக்க மையித்துகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நஸீறாவுக்குச் சோறு இல்லை, நித்திரை இல்லை.

"அவள்ற சத்தத்த ஒருக்காக் கேட்டாப் போதும்..."

இவளும் போய்விடுவாளோ என்று ஸஹீத்துக்குப் பயம்.

பழைய கசெட்டில் பிள்ளையின் குரல் இருந்தது. சிரிப்பு, இருமல், 'உம்மா'... அதைத் துண்டு துண்டாக வெட்டி, பேசும் பொம்மைகளிலிருந்து கழற்றிய ஒலிச்சில்லுகளில் ஏற்றினான். நஸீறா நூலோடு செப்புக் கம்பியும் சேர்த்து நெய்தாள். விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு சத்தம். துணியைக் கடல்பக்க அறையில் சுவருக்குச் சுவர் கட்டினார்கள். கையை வைத்தால், கைக்கு அடியில் அகப்பட்ட பட்டைகள் மட்டும் பேசும். நஸீறா கை வைத்தால் ஐந்து சத்தம். அன்றுதான் அழுதுகொண்டே சோறு தின்றாள்.

ஓர் இரவு... இருவரும் படுத்திருக்க, அந்த அறையில் ஒரு சிரிப்பு. 'உம்மா.' இரண்டே இரண்டு சத்தம். கூடவே கடல் சேற்று மணம்.

"ஈரத்துல கம்பி முட்டியிருக்கும்," என்றான் ஸஹீத்.

"இல்ல. ரெண்டு பட்ட... என்ட புள்ளட கை அவ்வளவுதான்."

அடுத்த வருசம் மூன்று. பிறகு நாலு.

"வளர்றாள்!" நஸீறா சிரித்தாள். புதுச் சட்டையும் தைத்து வைத்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து, துணியை அறுக்க ஸஹீத்துக்கு மனம் வரவில்லை. அட பாவி, அப்போதே அறுத்திருக்க வேண்டாமா?

யுத்தம் முடிந்த வருசம். ஐந்து... ஆறு... ஏழு. ஸஹீத் தன் கையை முழுசாக விரித்து வைத்தான். ஆறுக்கு மேல் போகவில்லை.

"நஸீறா... இது நம்மட புள்ள இல்ல. கதவத் திறந்திடாத!"

கத்தரிக்கோலைத் தேடி ஓடினான். அதற்குள் துணி முழுவதும், சுவருக்குச் சுவர், ஒரே நேரத்தில் பேசியது. சிரிப்பு, இருமல், உம்மா... எல்லாப் பட்டையும், ஒரே அமர்த்தலில்.

"வாறன் மகள், வாறன்!"

கடல்பக்கக் கதவு திறந்த சத்தம். பிறகு... ஒன்றுமில்லை. துணியும் ஓய்ந்துவிட்டது.

ஸஹீத் வாசலுக்கு ஓடினான். மணலில் நஸீறாவின் காலடி ஒன்றுகூட இல்லை. வாசற்படியிலிருந்து கடல்வரைக்கும், மணலை வறுகிப் பிறாண்டி இழுத்த ஐந்து பள்ளங்கள். நடுப்பள்ளத்தில் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து குறுக்கே படுக்கலாம்.