அப்பா முதலை

எனக்குச் சீட்டாட்டமே ஆகாது, ஐயா. முதலியார்பேட்டையில் என் அச்சகத்தில் அச்சானது குழந்தைகள் ஆடுகிற சீட்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆடிப் பார்த்திருப்பீர்கள். அப்பா, அம்மா, பிள்ளை என்று ஒரு குடும்பத்துச் சீட்டையெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். பிரெஞ்சுக் கொடி இறங்கின மறு வருஷம், அதையே நம் மிருகக் கதைகளை வைத்துச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. நரிக் குடும்பம், காக்கைக் குடும்பம், முதலைக் குடும்பம். கதை சொன்னது நான். படம் எழுதியது கருவடிக்குப்பம் தணிகாசலம். வாய் செத்த பிள்ளை, என்னை அண்ணே என்பான்.

எனக்குப் பயந்த சுபாவம். தணிகாசலம் மதராஸ் கம்பெனி ஒன்றோடு பேசுகிறான் என்று கடைத்தெருவில் யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் ஆட்டம் கையைவிட்டுப் போய்விடுமே. படங்களை எடுத்துக்கொண்டு வா, தோணியில் போய்க்கொண்டே பேசலாம் என்றேன். நான் மீன்பிடிக் குடும்பம். அரியாங்குப்பத்து ஆறு எனக்கு வீட்டு வாசல் மாதிரி. அவனுக்கு நீச்சல் தெரியாது. தெரிந்துதான் கூப்பிட்டேன்.

நடு ஆற்றில் படக்கட்டைப் பிரித்தேன். அப்பா முதலையைக் காணோம். ஒரு சீட்டு குறைந்தால் ஆட்டமே இல்லை. எங்கே என்று கேட்டு, தோணியைக் கொஞ்சம் ஆட்டினேன். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

“வூட்லயே வச்சுட்டு வந்துட்டேண்ணே. கரைக்கு வுடுங்க, எடுத்தாந்து குடுத்துடறேன்.”

நீங்களும் கேட்ட கதைதான், ஐயா. ஈரலை மரத்திலேயே வைத்துவிட்டேன், கரைக்குப் போ என்றது குரங்கு. முட்டாள் முதலை திரும்பியது. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னவனே நான். என்னிடமே விற்கிறானே என்று சிரிப்பு வந்தது.

“அந்த முதல நான் இல்லடா” என்றேன்.

நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன், அவ்வளவுதான். தண்ணீருக்குள் அவன் கை என் வேட்டியைப் பிடித்தது. வேட்டியை அவிழ்த்துவிட்டு நீந்தினேன்.

தோணி கவிழ்ந்தது என்று ஊர் நம்பியது. துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி சந்திரகலா ஒரு படத்தை நீட்டினாள்.

“வர்ணம் காயலன்னு ஜன்னலண்ட வச்சிட்டுப் போனாரு. கம்பெனிக்காரங்க கேட்டதுக்குக்கூட, அண்ணனோட ஆட்டம், அவரத்தான் கேக்கணும்னு அனுப்பிட்டாரு” என்றாள்.

படத்தில் முதலை குரங்கைப் பத்திரமாகக் கரையில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது. குரங்கு நாவல்பழம் கொடுத்தது. முதலைக்கு என் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தான்.

அதையும் சேர்த்து அச்சடித்தேன். இப்போது எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து, “அப்பா முதல இருக்கா?” என்று ஒரு பிள்ளை கேட்கிறது. யாராவது “இதோ இருக்கு” என்று வெளியே வந்து என்னைக் காட்டிவிடுவார்களோ என்று வியர்த்துக் கொட்டுகிறது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

தணிகாசலத்தைக் கொன்றவன் நான்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பொய்க்காரக் குரங்கு மாதிரியே பேசி உண்மையைச் சொன்னால், கேட்கிறவன் என்ன செய்வான்? அன்றைக்கு ஏமாந்தது நான்தான்.