ஆற்றில் விட்ட பொட்டலம்

முனியாயி: அந்தச் செடி மட்டும் வேணாங்கம்மா.

யோகம்: ஏன்? மற்ற எல்லாத்திலயும் ஒவ்வொரு கம்பு வெட்டிப்போட்டாய். இது மட்டும் என்ன பாவம் செய்தது?

முனியாயி: ஒன்னும் செய்யல. சாக்கு நெறைஞ்சு போச்சு.

யோகம்: சாக்கில பாதி காலியாக் கிடக்கு. நாளைக்கு நாங்கள் ரயில் ஏறினாப் பிறகு தோட்டத்து ஆசுப்பத்திரிக்குப் புதுசா வாற டிரெசற்ற மனிசி வருவா. வந்த கையோட எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டு ரோசா வைப்பா. பிறகு நிண்டு அழாதை.

முனியாயி: நான் எதுக்கு அழுவுறேன்... ஐயா வேலைய முடிச்சாச்சு, நீங்க யாழ்ப்பாணம் போறீங்க. நான் இந்தத் தோட்டத்து லயத்துலயேதான் கெடக்கப் போறேன். அழுவுறதுன்னா நீங்கதான் அழுவணும்.

யோகம்: வாய் மட்டும் குறையேல்லை. சாக்கைப் பிரி, என்னென்ன எடுத்தனி எண்டு பார்ப்பம்.

முனியாயி: செகப்புச் செம்பருத்தி ரெண்டு கம்பு...

யோகம்: செவ்வரத்தை.

முனியாயி: பதினஞ்சு வருஷமா இதே சண்டை. உங்களுக்குச் செவ்வரத்தை, எங்களுக்குச் செம்பருத்தி, கம்பத்து மலாய்க்காரவங்களுக்கு பூங்கா ராயா. செடி யாருகிட்டயும் கோவிச்சுக்கல. அப்பறம் வெண்டி வெத ஒரு செரட்டை. பருத்திக் கொட்டை கொஞ்சம். பூவரசங் கம்பு நீளமா ஒன்னு.

யோகம்: அந்தப் பூவரசு தங்கா பத்துக் கடற்கரையில அவர் முறிச்சுக்கொண்டு வந்தது. நான் கலியாணம் கட்டி வந்த புதுசு. மற்ற ஆம்பிளையள் மனிசிக்குச் சீலை வாங்கி வருவினம். இவர் தடி கொண்டு வந்து நிண்டார்.

முனியாயி: அடிக்கத்தான் கொண்டாந்தாரோன்னு பயந்திருப்பீங்க.

யோகம்: அவர் அடிக்கிற ஆளே? புத்தகத்தை விரிச்சு வைச்சுப் படிப்பிக்கத் தொடங்கிட்டார். 'யோகம், இது எல்லாம் ஒரே குடும்பம்.' வெண்டி, பருத்தி, பூவரசு, செவ்வரத்தை, வேலிக்கரையில நிக்கிற துத்தி... ஒவ்வொரு பூவாப் பிச்சு நடுவில நிக்கிற தண்டைக் காட்டினார். மகரந்தம் எல்லாம் அந்தத் தண்டைச் சுத்தி ஒட்டிக்கொண்டு நிக்கும். அதுதான் குடும்ப அடையாளமாம்.

முனியாயி: எங்கப்பாரு புத்தகம் இல்லாமலே அதச் சொல்வாரு. பட்டைய உரிச்சா நாரு வரும், எலையக் கசக்குனா வழவழங்கும், எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்கம்பாரு.

யோகம்: இலவமரமும் சொந்தக்காரராம். டுரியானும்.

முனியாயி: டுரியானா? பொய்லா.

யோகம்: பெரியப்பா வழியாம்.

முனியாயி: இந்தப் பூவோட அழகுக்கும் அந்த முள்ளுக்கும் நாத்தத்துக்கும் சொந்தமா... எந்தக் குடும்பத்துலதான் அப்படி ஒருத்தர் இல்ல.

யோகம்: அவர்ற தமையனை நினைச்சுத்தானே சொல்லுறாய்?

முனியாயி: நான் யாரையும் சொல்லல. நீங்கதான் இப்பச் சொன்னீங்க.

யோகம்: சரி, சரி. இந்தா, இலவம் பஞ்சுத் தலையணி. நீ அடைச்சுத் தந்தது. இதையும் கொண்டு போ, கப்பலில இதுக்கு இடமில்லை.

முனியாயி: குடுங்க... உங்க தலை எண்ணெ வாசம் அப்படியே இருக்கு.

யோகம்: இப்ப ஆர் அழுறது?

முனியாயி: பஞ்சு மூக்குல ஏறிருச்சு.

யோகம்: ஓமோம். நேரமென்ன? நீ வேண்டாமெண்ட செடியில பூ இளஞ்சிவப்பாயிட்டுது, மூண்டு மணி இருக்கும். என்ன மணிக்கூடு முனியாயி, என்ர வீட்டு மதிலில கூட இப்பிடியொண்டு இல்லை. விடிய வெள்ளை, மத்தியானம் இளஞ்சிவப்பு, பின்னேரம்... நிமிந்து பாரன்.

முனியாயி: எத்தன தரம் பாக்குறது.

யோகம்: நீ பார்க்கிறேல்லை. ஏழு வருசமாக் கவனிச்சுக்கொண்டுதான் வாறன். முத்தம் கூட்டினாலும் இந்தச் செடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டுவாய். மாரியம்மன் கோயிலுக்கும் போறேல்லை. உன்ர அப்பா நட்ட செடி இது. ஒரு கம்பு வேண்டாமெண்டு நிக்கிறாய். நாளைக்கு நான் போயிடுவன், பிறகு ஆரிட்டச் சொல்லுவாய்? சொல்லு பிள்ளை.

முனியாயி: ரப்பர் வெலை விழுந்த வருஷம் ஞாபகமிருக்கா உங்களுக்கு?

யோகம்: முப்பத்தொண்டு. மறக்கேலுமே? சனத்தைக் கப்பல் கப்பலா ஊருக்கு அனுப்பினவங்கள்.

முனியாயி: எங்க சித்தப்பா முனியாண்டி மொத ஆளா பேரு குடுத்துட்டாரு. 'அண்ணே, நீயும் வா'ன்னு அப்பாவ நச்சரிச்சாரு. ஊருல எனக்கு மாப்ளையும் பாத்து வச்சிருந்தாரு. பொண்டாட்டி செத்தவரு. நானோ இங்க ராமையாவ...

யோகம்: அது தோட்டத்துக்கே தெரியும்.

முனியாயி: அப்பாவுக்குத் தெரியாது.

யோகம்: ம்... மேல சொல்லு.

முனியாயி: அப்பா முடிவு சொல்ல முடியாமத் திணறுனாரு. கடைசில, மாரியாத்தாகிட்டயே பூக் கேட்டுருவோம்னுட்டாரு. ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, இன்னொன்னுல செகப்பு. வெள்ளை வந்தா கப்பல். செகப்பு வந்தா இங்கயே. காலைல வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கட்டி ஆத்தா காலடில வச்சிரணும். சாயங்காலம் ஒரு சின்னப் புள்ளைய விட்டு ஒன்ன எடுக்கச் சொல்லணும். 'வெள்ளைப் பூ டிரெசரம்மா வீட்டுல இருக்கும், போய்க் கொண்டா'ன்னு என்னையத்தான் அனுப்புனாரு.

யோகம்: விடிய முதல் வந்தனி. நான் அடுப்பு மூட்டிக்கொண்டு இருந்தனான். அங்காலை அடுக்கு வெள்ளைச் செவ்வரத்தை பூத்து நிண்டது.

முனியாயி: அதப் பறிக்கலம்மா. இந்தச் செடிப் பூவப் பறிச்சேன்.

யோகம்: ம்.

முனியாயி: செடில இருந்தாலும், பறிச்சு வச்சாலும், இது செவக்காம இருக்காது. எலைக்குள்ள இருந்தபடியே செவந்திரும். எந்தப் பொட்டலத்த எடுத்தாலும் செகப்புதான். ஆத்தா காலடியிலயே வச்சு ஆத்தாவ ஏமாத்துனேன். ராமையாகிட்டக் கூட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல.

யோகம்: பின்னேரம் என்ன நடந்தது?

முனியாயி: புள்ள ஒன்ன எடுத்துச்சு, பிரிச்சாங்க, செகப்பு. சித்தப்பா விடல. 'இன்னொன்னையும் பிரிச்சுக் காட்டு, வெள்ளை இருக்கான்னு பாக்கணும்'னாரு. எனக்கு உசிரே போயிருச்சு. அப்பாதான் வெடுக்குன்னு அந்தப் பொட்டலத்த எடுத்தாரு. 'ஆத்தா சொன்னதுக்கப்பறம் சோதிச்சுப் பாக்கப்படாதுடா'ன்னு சொல்லிட்டு, ஓட்டமா ஓடி ஆத்துல விட்டுட்டாரு. அவ்ளோ பக்தி. அப்பேர்ப்பட்ட மனுசனப் போயி நான்...

யோகம்: நீ ராமையாவைக் கட்டினாய், சந்தோசமாத்தானே இருக்கிறாய்.

முனியாயி: நான் இருக்கேன். அப்பா? மறுவருஷமே குளிர்காய்ச்சல்ல போயிட்டாரு. சித்தப்பா ஊருல நல்லா இருக்காரு, ரெண்டு மாடு வாங்கிருக்கேன்னு காயிதம் போடுறாரு. அப்பாவும் அந்தக் கப்பல்ல போயிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரு. நான்தாம்மா கொன்னேன். இந்தப் பூ செவக்குறதப் பாக்குறப்பல்லாம் எனக்கு அதுதான் தெரியுது.

யோகம்: இஞ்ச வா. இதில இரு... நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. இந்தச் செடியை நட்டது ஆர்?

முனியாயி: அப்பாதான். மலாக்காவுல சீனக்காரர் கோயில் தோட்டத்துல கம்பு கேட்டு வாங்கியாந்தாரு.

யோகம்: தண்ணி ஊத்தி வளத்தது?

முனியாயி: அவருதான்.

யோகம்: அண்டைக்கு விடிய நீ கொண்டு போன பூவை வாங்கி, இலையில வைச்சுக் கட்டினது?

முனியாயி: அப்பா... பூவரசு எலைல வச்சு, வாழை நார்ல கட்டுனாரு.

யோகம்: இலையைக் கசக்கியே செடியின்ர குடும்பத்தைச் சொன்ன மனுசன். தான் நட்ட செடியின்ர பூவைக் கையில வாங்கினா அவருக்குத் தெரியாதே?

முனியாயி: அம்மா...

யோகம்: காய்ச்சலோட ஆசுப்பத்திரியில கிடக்கேக்க கஞ்சி கொண்டு போனனான். அப்பதான் எனக்குச் சொன்னவர். 'எம்மவகிட்டச் சொல்லிராதீங்க, வெக்கப்படும்' எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். நானும் நீ வெக்கப்படக்கூடாதெண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன். நீ இப்பிடி வெந்துகொண்டிருக்கிறாய் எண்டு தெரிஞ்சிருந்தா அந்தச் சத்தியத்தை எப்பவோ முறிச்சிருப்பன்.

முனியாயி: அப்ப... கட்டும்போதே தெரியும்.

யோகம்: கட்டும்போதே தெரியும்.

முனியாயி: ஆத்துக்கு ஓடுனது...

யோகம்: அது பக்தியில்லை. உன்னைக் காப்பாத்த ஓடினது. அழு. நல்லா அழு. பஞ்செண்டு சொல்லாதை.

முனியாயி: கத்தியக் குடுங்கம்மா.

யோகம்: கண்ணைத் துடைச்சுப்போட்டு வெட்டு, கை போயிடும்... கணுவுக்குக் கீழ வெட்டு. இன்னும் ஒண்டு எடு. ரெண்டில ஒண்டாவது தளிர்க்கும்.

முனியாயி: போக இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல? ஆத்தாகிட்டப் போயி எதுக்குக் கேட்டாரு?

யோகம்: நானும் இதைத்தான் கேட்டனான். உன்ர அம்மாவைப் புதைச்ச மண்ணை விட்டுட்டுப் போக மனமில்லையாம். கூடப்பிறந்தவன்ர முகத்தைப் பார்த்து வரமாட்டன் எண்டு சொல்லவும் வாய் வரேல்லையாம். பிறகு கொஞ்ச நேரம் சிரிச்சுக்கொண்டு கிடந்தார். கிடந்திட்டுச் சொன்னார்: 'விடியக்காலைல பூவ வச்சுக்கிட்டு நடுங்கி நின்னுச்சும்மா. நான் ஆத்தாகிட்டக் கேக்க இருந்ததுக்கு, எம்மவளே பதிலக் கொண்டாந்து கையில குடுத்துட்டா.'