டீக்கடையில் சொல்லாத பேர்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சிங்கப்பூருக்குச் சுற்றுலா போய்வந்திருந்த மூத்தவர், "ஊரெல்லாம் சுத்திக் காட்டுனாங்க. நான் தேடுனது ஒரு டீக்கடையத்தானுங்க" என்றார்.

"ஏனுங்கக்கா, டீக்கடையவா?"

"எங்க ஊட்டுக்காரரு அங்க வேலை செஞ்சப்ப தெனமும் டீ குடிச்ச கடைங்க. கடை வெச்சிருந்த மலாய்க்காரம்மா இன்னும் இருக்குது. கொஞ்சம் தமிழ் பேசுது. எங்க ஊட்டுக்காரரு இங்கதான் டீ குடிப்பாருன்னேன், அவரு பேரென்னன்னு கேட்டுது."

"சொன்னீங்களாக்கா?"

"வாயே வரலீங்க. அவரு உசுரோட இருந்தப்பவே பேரு சொல்லிப் பழக்கமில்லையே. அந்தம்மா, எத்தனையோ பேரு வருவாங்கன்னு சிரிச்சுட்டு, டீ குடுத்துது. குடிச்சுட்டு வந்துட்டேன்."

ராசிபுரம் தாண்டியது. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த மூத்தவர், யாரும் கேட்காமலே மெல்லச் சொன்னார்.

"நல்லமுத்துங்க."