எடுக்கக் கூடாத அழைப்பு

நூறு சேனல் வருகிற டி.வி.யில் ஒரு வீட்டார் பார்ப்பது நாலைந்துக்கு மேல் இருக்காது. உங்கள் வீட்டையே யோசித்துப் பாருங்கள் அய்யா. மிச்சமெல்லாம் யாருக்காகவோ ஓடுகிறது, காசு மட்டும் நம்முடையது. ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி கேண்டீனில் இதைச் சொல்லிச் சொல்லியே நாலு பேர் கேபிளை நிறுத்த வைத்திருக்கிறேன். நாங்கள் பிளாஸ்டிக் வாளி, குடம் செய்கிறோம். நான் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். சிக்கனம் என்றால் ஜானகிராமனைக் கேள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

முதலியார்பேட்டையில் நீங்கள் விசாரித்தால் என்னைப் பற்றி ஒரு குறையும் வராது. தெருவுக்குத் தெரு கடை திறந்து வைத்திருக்கிற இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் ஒரு சொட்டு தொட்டதில்லை. சந்திரகலாவின் மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. தவளக்குப்பத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் கலியபெருமாள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "குடிப்பீங்களா தம்பி?" இல்லை என்றேன். மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

முதலில் நிறுத்தியது கேபிள். அவள் மத்தியானத்தில் சீரியல் பார்த்து அழுவாள். நான் வீடு திரும்பும்போது முகம் வீங்கியிருக்கும். வேறு யார் வீட்டுச் சண்டைக்கோ அழுத கண்ணோடு எனக்குச் சோறு போடுவதில் என்ன நியாயம். கேபிள்காரன் இராமதாசைக் கூப்பிட்டு ஒயரைக் கழற்றச் சொன்னேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு மாசம் காசு தராதீங்கண்ணே. சும்மா ஓடட்டும். அண்ணி பகல்ல தனியா கெடக்குது, பாவம்" என்றான்.

அவள் பகலில் தனியாக இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? நான் அதைக் கேட்கவில்லை. சும்மா வருகிற எதுவும் சும்மா இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, கழற்றி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும்போது மாடிப்படிக் கிரில்லை வெளியே பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் கண்டவன் கதவைத் தட்டுகிறான். பாதுகாப்புக்குத்தான். வீட்டுக்குள்ளே அவளுக்கு எல்லாமே இருந்தது.

நாங்கள் இருப்பது மாடியில். அப்பா மில்லில் வேலை பார்த்த காலத்தில் கட்டிய வீடு அது. கீழே ஒரு பெயின்ட் கடைக்காரர் டப்பாக்கள் அடுக்கி வைக்க வாடகைக்கு எடுத்திருக்கிறார். குடித்தனம் வைப்பதைவிட அதில் தொல்லை குறைவு. பெயின்ட் வாசனை மேலே ஏறி வருகிறது என்பாள் சந்திரகலா. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வாயில் வைத்து அடிக்கிற பம்பு ஒன்று எப்போதும் வேண்டும். அந்த மருந்தையும் நான்தான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பிராட்பேண்ட். அதன் கதையைச் சொல்லவேண்டும். அவள் தங்கை சுடர்விழியைப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கொடுத்தார்கள். இப்போது பாரிசில் இருக்கிறாள். அவள்தான் பிடிவாதம் பிடித்து, கம்ப்யூட்டருக்கு மேலே வைக்கிற ஒரு சின்னக் கேமராவை ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவள் குளித்து, பூ வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தங்கையின் குழந்தை அந்த ஊர் வழக்கப்படி பெரியம்மாவை "தாந்த், தாந்த்" என்று கூப்பிடும். இவள் திரையைத் தடவிக் கொடுப்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. எனக்குக் காட்டாத சிரிப்பு ஒன்று அவளிடம் இருக்கிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவோரம் நின்று தெரிந்துகொண்டேன். அந்த மாதத்தோடு பிராட்பேண்டை நிறுத்தினேன். அதோடு வீட்டுப் போனும் எதற்கு என்று அதையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"வர்ற போனுக்கு நம்மளுக்கு என்னாங்க செலவு? அவதான பேசுறா" என்றாள்.

"மாச வாடகைய அவளா கட்றா?" என்றேன். நியாயமாகப் பேசினால் அவள் அடங்கிவிடுவாள், அது அவளிடம் உள்ள நல்ல குணம்.

ஒரேயடியாக அறுத்துவிடவில்லை. என்னுடைய பழைய செல்போனை அவளுக்குக் கொடுத்தேன். ஆயுள் முழுக்க இன்கமிங் இலவசம் என்று அப்போது ஒரு திட்டம் வந்திருந்தது. யாருடைய ஆயுள் என்று அதில் போட்டிருக்கவில்லை. பேசுவதற்கென்று காசு போடவேண்டாம், மிஸ்டு கால் போதும் என்று முடிவு செய்தேன். ஊரே அப்படித்தானே ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஏறியாச்சு என்றால் ஒரு மிஸ்டு கால், இறங்கியாச்சு என்றால் இன்னொன்று.

எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். ஒரு தடவை அடித்தால் சும்மா, எல்லாம் நலம். இரண்டு தடவை அடித்தால் வரும்போது ஏதோ வாங்கி வரவேண்டும். மூன்று தடவை அடித்தால் ஆபத்து, உடனே வரவேண்டும். எதற்கும் அழைப்பை எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போய்விடும். மிஸ்டு கால் கொடுப்பதால் காசு குறையாது, ஆனால் போனில் கொஞ்சமாவது இருந்தால்தான் மிஸ்டு கால் போகும். சட்டத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் கடைசி விவரத்தை மட்டும் சொல்லவில்லை. காசு போடுகிறவன் நான், அவளுக்கு அது எதற்கு?

ஒரு நாள் மூன்று தடவை அடித்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு, அரை நாள் லீவு போட்டு, கொட்டுகிற மழையில் மொபெட்டை விரட்டிக்கொண்டு வந்தேன். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்ணுமில்லைங்க. காலைலேருந்து யார் குரலையும் கேக்கல. ஒரு மாதிரி ஆயிடுச்சி. கோச்சிக்காதீங்க" என்றாள்.

நான் கோபப்படவில்லை. புலி வருது புலி வருது என்று கூவியவன் கதையை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று தடவை அடிக்கவே இல்லை. ஒரு தடவை மட்டும் தினமும் அடிக்கும். எல்லாம் நலம்.

சிக்கனத்தை நான் கற்றுக்கொடுத்தேன், அவள் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு நாள் கம்பெனியில் கரன்ட் போய், சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். கிரில்லைத் திறக்கிற சத்தம் கேட்டு அவள் போனை மேசைமேல் வைத்தாள். எடுத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. காதோடு ஒட்டி ஒரு மணி நேரம் பேசினால் வருகிற சூடு. போனில் மிச்சக் காசைப் பார்த்தேன், ஒரு பைசா குறையவில்லை. நான் போன பிறகு தவளக்குப்பத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அங்கிருந்து அப்பா கூப்பிடுவார். அவர் காசு, இவள் பேச்சு.

அவள் முகம் கழுவப் போனபோது போன் மறுபடியும் அடித்தது. நான் எடுத்தேன்.

"என்னாம்மா, பாதில வெச்சிட்ட? அவரு வந்துட்டாரா?" என்றார் என் மாமனார். நான் பேசவில்லை. "சுடரு வர்ற வரிக்கும் நீ அங்க கெடக்க வேணாம். ஞாயித்துக்கெழம நானே வந்து கூட்டிம்போறேன். பூட்டு போட்டுட்டுப் போறவன்கிட்ட என்னாம்மா வாழ்க்க?"

நான் போனை வைத்துவிட்டேன். அன்று இரவு அவள் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. ஆனால் என் நெஞ்சு எரிந்தது அய்யா, அதை மறைக்கமாட்டேன். ஒரு பைசா செலவில்லாமல் ஒரு பெண்டாட்டி வீட்டைவிட்டுப் போய்விடலாம் என்பதை நான் யோசித்ததே இல்லை.

புதன்கிழமை இரண்டு தடவை அடித்தது. ஏதோ வாங்கி வரவேண்டும். பம்பில் மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். மருந்துக்கடை நான் திரும்பி வருகிற வழியில்தான் இருக்கிறது. விளக்கெல்லாம் போட்டுப் பளிச்சென்று இருந்தது. நான் நிற்கவில்லை. மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். "நாளைக்கு மறக்காதீங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் கிளம்பும்போது கீழே பெயின்ட் கடைக்காரர் ஆட்கள் ஏதோ டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, பாதி துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாடை தலையைச் சுற்றியது. அவள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு படிமேல் நின்றாள். நான் கிரில்லைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பதினோரு மணி டீ வருகிற நேரத்தில் என் போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. மறுபடியும்.

அது புலி என்று எனக்குத் தெரியும். என் இடத்திலேயே உட்கார்ந்து டீயைக் குடித்தேன்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன். கிரில்லுக்கு உள்பக்கம், கடைசிப் படியில் சாய்ந்து கிடந்தாள். போன் கையில் இருந்தது. நான்தான் கதறி ஆள் கூட்டினேன். டாக்டர் வந்து பார்த்தார், வெகு நாளாக இழுப்பு இருந்ததா என்று கேட்டார், ஆமாம் என்றேன். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. குடிக்காத மாப்பிள்ளையை யாரும் எதுவும் கேட்பதில்லை.

என் மாமனார் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். பூட்டு போட்டுவிட்டுப் போகிறவன் என்று அன்றைக்குப் போனில் சொன்னவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நேத்து மிஸ்டு காலே வரல மாப்ள. வந்திருந்தா கூப்ட்டிருப்பேனே. வரலன்னா நீங்க வூட்ல இருக்கீங்கபோல, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்துட்டேன். ஒரு ரூவா பாத்துட்டேனே மாப்ள." அவரைப் பார்க்க எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் மேல் தப்பு இல்லை. மிஸ்டு கால் வந்தால் கூப்பிடுவது, வராவிட்டால் எல்லாம் நலம் என்று இருப்பது, எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சுடர்விழி பாரிசிலிருந்து வந்து சேர்ந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள். "கடைசியா ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்த பேசாம போயிட்டாளே எங்க அக்கா." இப்போது முதலியார்பேட்டையில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். பாவம், யாரிடமும் பேச முடியாமல் செத்துப்போனாள் என்கிறார்கள். கடைத்தெருவில் என் காது படவே சொல்கிறார்கள். அதைப் பொறுக்க முடியாமல்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன் அய்யா. ஏனென்றால் அது உண்மை இல்லை.

அந்த வியாழக்கிழமை, நான் டீயைக் குடித்து முடிக்கும்போது, நாலாவது தடவையும் அடித்தது. அப்போது ஒரு கணக்குப் போட்டேன். நான் எடுக்காவிட்டால், என்னை விட்டுவிட்டு அவள் தவளக்குப்பத்துக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். அவர் கூப்பிடுவார். விஷயம் தெரிந்தால் முதலியார்பேட்டையில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிப் பூட்டை உடைப்பார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட அவள் என் வீட்டில் இருக்கமாட்டாள். அவள் போனில் இரண்டு ரூபாய்ச் சில்லறைதான் இருந்தது. காசு போடுகிறவன் நான் என்பதால் அது எனக்குத் தெரியும். போனை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால், சத்தம் கேட்காத இடத்துக்குப் போய், பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

"என்னாங்க, எடுத்துட்டீங்களா" என்றாள். நான் சட்டத்தை மீறியதில் அந்த நிலையிலும் அவளுக்கு ஓர் ஆச்சரியம். பிறகு விட்டுவிட்டுப் பேசினாள். பம்பு தீர்ந்துவிட்டது என்றாள். வாசலுக்கு வந்துவிட்டேன், பூட்டியிருக்கிறது என்றாள். சாவி என்றாள். பிறகு பேச்சு குறைந்து இழுப்புதான் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் அவள் வைத்துவிட்டிருப்பாள், காசு மிச்சமாகியிருக்கும். போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு மூச்சையும் கேட்டேன். இரண்டு ரூபாயும் தீர்ந்து லைன் தானாகவே விட்டுப்போனது. அதற்குப் பிறகு அவளால் யாருக்கும் ஒரு மிஸ்டு கால்கூடக் கொடுக்க முடியாது. நான் போனைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

ஆகவே அவளைக் கொன்றது நான்தான், இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடமும் பேசாமல் செத்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசியாக அவள் பேசியது என்னிடம்தான். அப்பா இருந்தார், தங்கை இருந்தாள், அவர்களையெல்லாம் விட்டுவிட்டு நாலு தடவை என்னைத்தான் கூப்பிட்டாள். என் பெண்டாட்டிக்கு யார் மேல் பிரியம் என்று இனி யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.